குடும்ப குரூப்பா, ஸ்டேட்டஸா, ஆல்பமா? பச்சைப்பிள்ளை படத்தை எதில் அனுப்புவது

போன வருஷம் ஆவணியில் தங்கைக்கு ஆண் பிள்ளை பிறந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நர்ஸ் துண்டில் சுற்றிக் காட்டியதும், தாய்மாமன் என்ற தோரணையில் ஒரு படம் எடுத்து, 83 பேர் இருக்கும் வாட்ஸப் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டேன். மாப்பிள்ளை துபாயில். பெற்றவருக்கு முதலில் தனியாக அனுப்பவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. சாயங்காலத்துக்குள் ஊரிலிருந்து சித்தப்பா போன்: "நட்சத்திரம் பாத்தாச்சுடா. கையில கட்டுன சீட்டுல நேரம் போட்டிருந்துச்சுல்ல!"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தங்கை பெயர், ஆஸ்பத்திரிப் பதிவு எண், தேதி, காலை 7.42. எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வழியாக மாற்றிப் பார்த்தாகிவிட்டது. எதில் பூட்டு பலமானது என்று நான் பார்ப்பதில்லை. படம் கடைசியில் யார் யார் போனில் போய்த் தங்குகிறது என்பதுதான் என் கணக்கு.

அந்தக் கணக்கில் மோசமாகத் தோற்பது, நாம் ரொம்பப் பத்திரம் என்று நம்பும் குடும்ப குரூப்தான். வாட்ஸப்பில் 2016 முதல் முழுக் குறியாக்கம் இருப்பது உண்மை. போகிற வழியில் யாரும் திறந்து பார்க்க முடியாது. ஆனால் போய் இறங்கும் இடத்துக்கு அந்தக் காவல் கிடையாது. அமைப்பை மாற்றாத போன்களில் படம் தானாக கேலரிக்குள் விழும். வாட்ஸப் படங்களுக்கும் பேக்கப் போட்டு வைத்திருப்பவர்களின் கூகுள் கணக்குக்கும் அங்கிருந்து போகும். திரை உடைந்தால் அதே போன் சர்வீஸ் கடை மேஜையில் கிடக்கும். 'எல்லாருக்கும் அழி' சுமார் இரண்டரை நாள் வரை வேலை செய்யும், ஆனால் அதற்குள் ஃபார்வர்ட் ஆன பிரதியை அது தொடாது. போதாததற்கு, எங்கள் குரூப்பில் நாலு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்காகச் சேர்த்த சமையல் காண்டிராக்டர் இன்னும் இருக்கிறார்! இன்னொன்று: சாதாரணமாக அனுப்பும் படத்திலிருந்து இடக் குறிப்பை வாட்ஸப் நீக்கிவிடும். 'தெளிவா வரட்டும், டாக்குமெண்டா அனுப்பு' என்று அத்தை கேட்டதற்காக அப்படி அனுப்பினால், போனில் லொகேஷன் போட்டு எடுத்த படம் எடுத்த இடத்தையும் சுமந்துகொண்டே போகும்.

ஸ்டேட்டஸ் இதைவிடத் தேவலை. 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், பார்ப்பவர் கேலரியிலும் தானாக விழாது. ஆனால் யாருக்கு என்று நாம் தேர்ந்தெடுக்காவிட்டால், நாமும் அவர்களும் ஒருவர் எண்ணை ஒருவர் சேமித்து வைத்திருக்கும் பால்காரர், வீட்டு புரோக்கர், பழைய ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் பார்ப்பார்கள். 'இவர்களுக்கு மட்டும்' என்று பத்துப் பேரைக் குறித்துவிட்டால் பெரும்பாலான தொல்லை தீர்ந்தது. யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். 2021-இல் வந்த 'ஒருமுறை மட்டும்' வசதியையும் அம்மாவிடம் சோதித்தேன். இரண்டாவது தடவை தொட்டதும் படம் இல்லை. "ஏண்டா, பேரனைக் காட்டிட்டுப் பிடுங்குற?" என்றாள். அத்தோடு அதை விட்டுவிட்டேன்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் பொதுப் பதிவாகப் போடுவது வேண்டவே வேண்டாம். பெரியவர்களின் பொதுப் பதிவுகளைக் கொண்டு செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிப்பதாக இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனமே சொல்கிறது. பிரேசில் குழந்தைகளின் படங்கள் இத்தகைய பயிற்சிக்குப் பயன்படும் மாபெரும் படத்தொகுப்பு ஒன்றில் கிடப்பதை, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2024-இல் கண்டுபிடித்தது. கணக்கைப் பூட்டி வைத்திருந்தால் பரவாயில்லை, ஃபாலோயர் பட்டியலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்பதுதான் கேள்வி.

நாங்கள் நிலைத்தது கூகுள் போட்டோஸ் பகிர்வு ஆல்பத்தில். அதிலும் லிங்க் பகிர்வை அணைத்தாக வேண்டும்; இல்லையென்றால் லிங்க் யார் கையில் கிடைத்தாலும் கதவு திறக்கும். இடத்தைக் காட்டும் பொத்தானையும் அணைத்தோம். ஒரு படம் சரியில்லை என்று தங்கை எடுத்துவிட்டால், தனியாகச் சேமிக்காதவர்களுக்கு அது போய்விடும். இரண்டரை நாள் தாண்டினால் இது குரூப்பில் நடக்காத காரியம். சிக்கல் பெரியவர்களிடம்தான். ஒவ்வொருவருக்கும் கூகுள் கணக்கு வேண்டும். எங்கள் பெரியம்மாவின் கணக்கைத் திறந்து கொடுத்தவர் மொபைல் கடைப் பையன், பாஸ்வேர்டு அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆல்பத்தில் உறவுக்காரர்கள் குறைவு, ஆனால் கூகுள் உள்ளே இருக்கிறது. 2021-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பன், டாக்டருக்குக் காட்டுவதற்காக மகனின் உடம்பைப் படமெடுத்தார். படம் தானாக கூகுளுக்குப் பேக்கப் ஆனது, அதைக் குழந்தைப் பாலியல் கொடுமைப் படமென்று எண்ணி கூகுள் அவர் கணக்கையே முடக்கியது. குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று போலீஸ் சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை. நம் வீட்டுப் பழைய ஆல்பங்களில், ஸ்டூடியோவில் குப்புறப் போட்டு எடுத்த அம்மணப் படம் ஒன்றாவது இருக்கும். அது பீரோவுக்குள் இருந்தது. எண்ணெய்க் குளியல் படங்களை இப்போது எந்த ஆல்பத்திலும் ஏற்றுவதில்லை என்பது தங்கை போட்ட விதி.

சட்டம் இதற்குள் அதிகம் வராது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களின் தரவைக் கையாள நிறுவனங்கள் பெற்றோர் சம்மதம் பெறவேண்டும் என்கிறது. தனிமனிதர் வீட்டுக் காரியமாகச் செய்வதை அது விட்டுவிடுகிறது. பிரான்ஸோ 2024 பிப்ரவரியில், பிள்ளையின் படம் சார்ந்த உரிமையைக் காப்பதும் பெற்றோர் கடமை என்று சட்டம் போட்டது.

அம்மாவிடம் ஆல்பம் பலிக்கவில்லை. முப்பது நாள் கழிவதற்குள் பிள்ளையைப் படமெடுக்கவே கூடாது, கண்ணு பட்டுவிடும் என்று முதலிலேயே சொன்னவள் அவள்தான். நான் சிரித்தேன். முப்பது நாள் பொறுத்திருந்தால் அந்தக் கைச்சீட்டு படத்தில் வந்திருக்காது. அவளுக்கு மட்டும் ஸ்டூடியோவில் நாலு பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். ஒன்று சாமி மாடத்தில், ஒன்று சம்பந்தியம்மா வீட்டில், இரண்டு பீரோவில். நான் கணக்கெடுக்க முடிந்த ஒரே வழி அதுதான்.

இந்த ஆவணியில் பிள்ளைக்கு ஒரு வயது முடிந்து ஜாதக நோட்டும் எழுதியாகிவிட்டது. முதல் பக்கத்தில் பெற்றோர் பெயர், பிறந்த ஊர், தேதி, காலை 7.42. சித்தப்பா அதைப் படமெடுத்துக் குரூப்பில் போட்டிருக்கிறார்.