கியூபேசிக்கின் லைன் கட்டளை: இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலான பழக்கம்

1991-இல் எம்எஸ்-டாஸ் 5.0 இயங்குதளத்துடன் வந்த கியூபேசிக் என்னும் நிரல் மொழியை நான் முதன்முதலில் தொட்டது 1998-இல், ஒரு கணினிப் பயிற்சி வகுப்பில். அதன்பின் வேறு பல மொழிகளைக் கற்றிருந்தும், கோடும் கட்டமும் வரைந்தால் போதும் என்கிற வேலைகளுக்கு இன்றும் அதையே நாடுகிறேன். இப்போது அதன் வழிவந்த கியூபி64-இல் எழுதுகிறேன் என்பது மட்டுமே வேறுபாடு.

காரணம் லைன் என்னும் ஒரே கட்டளை. 'ஸ்கிரீன் 12' என்று எழுதினால் 640க்கு 480 புள்ளிகளும் 16 வண்ணங்களும் கொண்ட திரை கிடைக்கிறது. அடுத்த வரியில் 'லைன் (100, 50)-(300, 200), 4' என்றால் சிவப்புக் கோடு விழுகிறது. அதன் பின்னே காற்புள்ளியிட்டு 'பி' என்ற எழுத்தைச் சேர்த்தால், அதே இரு புள்ளிகளை எதிரெதிர் மூலைகளாகக் கொண்ட கட்டம் வருகிறது. 'பிஎஃப்' என்றால் கட்டம் முழுவதும் வண்ணம் நிரம்புகிறது. இவ்வளவு குறைவாக எழுதி இவ்வளவு பெறுகிற வசதியை நான் பழகிய பிற மொழிகளில் கண்டதில்லை.

நாட்காட்டி வரையத் தொடங்கியபோதுதான் இதன் நுட்பம் பிடிபட்டது. 100-இல் தொடங்கி 140-இல் முடியும் கட்டத்தின் அகலம் 40 புள்ளிகள் என்று நினைத்திருந்தேன். இரு முனைகளும் வரையப்படுவதால் அது உண்மையில் 41. அடுத்த கட்டத்தை 141-இல் தொடங்கினால் இரட்டைக் கோடு தெரிகிறது. 140-இல் தொடங்கினால் நடுக்கோடு பொதுவாகி அழகாக அமைகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மஞ்சள் நிரப்பியபோது, பின்னால் வரைந்த நிரப்பு முன்னால் வரைந்த கோட்டை விழுங்கிவிட்டது. ஆகவே எல்லா நிரப்புகளையும் முதலில் முடித்துவிட்டு, கோடுகளைக் கடைசியில் போடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். இரண்டாம் புள்ளிக்கு முன் 'ஸ்டெப்' என்று எழுதி, முதல் புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதை மட்டும் சொல்வதும் கூட்டல் பிழைகளைப் பெரிதும் குறைத்தது.

'ஸ்கிரீன் 13' பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. 320க்கு 200 புள்ளிகள் கொண்ட அந்தத் திரை, பழைய 4:3 மானிட்டரில் ஒவ்வொரு புள்ளியையும் அகலத்தைவிட உயரம் 1.2 மடங்காகக் காட்டும். சதுரம் என்று எண்ணி வரைந்த என் சதுரங்கப் பலகை நெட்டையாக நின்றது. 100 புள்ளி உயரத்துக்கு 120 புள்ளி அகலம் கொடுத்த பிறகே அது சதுரமாயிற்று.

எல்லைக் கோட்டுக்குள் வண்ணம் நிரப்பும் பெயின்ட் கட்டளை வேறு வகைச் சோதனை. எல்லைக் கோட்டில் ஒரேயொரு புள்ளி விடுபட்டாலும் வண்ணம் வெளியே கசிந்து திரை முழுவதும் பரவிவிடும். லைன் கட்டளைக்குப் பதினாறு பிட் எண் ஒன்றை, அதாவது ஒன்றும் சுழியுமாகப் பதினாறு இலக்கங்கள் கொண்ட எண்ணை, கொடுத்துப் புள்ளிக்கோடு வரையலாம். ஒன்று உள்ள இடத்தில் புள்ளி விழும், சுழி உள்ள இடம் வெற்றிடமாகும். அத்தகைய கோட்டை எல்லையாக வைத்துப் பெயின்ட் செய்து ஒரு மாலைப்பொழுதை நான் இழந்திருக்கிறேன். செவ்வகத்தை நிரப்ப வேண்டுமென்றால் 'பிஎஃப்' இருக்கும்போது பெயின்ட் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

உண்மையான குறை, கோட்டின் பருமனைச் சொல்ல வழியில்லாததுதான். கியூபி64 32 பிட் வண்ணங்களையும் விரும்பிய அளவுத் திரையையும் தந்திருக்கிறது. ஆனால் லைன் கட்டளையில் பருமனுக்கு அங்கும் இடமில்லை. கட்டத்துக்கு ஒவ்வொரு புள்ளி உள்ளே தள்ளி மூன்று கட்டங்கள் வரைந்து சமாளிக்கிறேன். சாய்கோட்டுக்கு அந்த வழி உதவாது. ஒரு புள்ளி பக்கவாட்டில் தள்ளி இன்னொரு கோடு போட்டால், சாய்வுக்கேற்பப் பருமன் மாறித் தெரிகிறது. அதனால், சாய்வான தடித்த கோடுகள் வேண்டிய வரைபடங்களுக்கு மட்டும் வேறு மொழிக்குப் போகிறேன். பள்ளிக் கால அட்டவணையும் அலமாரி அளவுப் படமும் இன்னும் இதிலேயே வரைகிறேன்.