நாற்பது பித்தளைக் கிண்ணங்கள் வாங்கி நான் ஏமாந்த விதம்

கோயம்புத்தூரில் என் வீட்டுப் பின்கட்டில் சிறிய கடைசல் எந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு, மரத்தாலும் பித்தளையாலும் ஆன தைல ஆவிக் கருவிகளைச் செய்து விற்றுவருகிறேன். மின்சாரம் எதுவும் இல்லாத எளிய பொருள் அது. வாகை மரத்தைக் கடைந்து எடுத்த கூடு, மரத்தில் சூடு ஏறாமல் காக்க அதனுள்ளே ஒரு பித்தளைக் குழாய், அடியில் டீலைட் மெழுகுவத்தி, மேலே தண்ணீரும் சில துளி நீலகிரித் தைலமும் ஊற்றுவதற்கு ஒரு பித்தளைக் கிண்ணம், அவ்வளவுதான். இந்தக் கிண்ணத்தில்தான் நான் ஏமாற்றப்பட்டேன். வீட்டிலிருந்து இதுபோன்ற கைவேலை செய்பவர்கள் பலர் அதே வழியில் உதிரிகளை வாங்குவதால், நடந்ததை விவரமாக எழுதிவைக்கிறேன். விற்றவரின் பெயரையும் ஊரையும் குறிப்பிடவில்லை; விவகாரம் இப்போது நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது.

இணையத்தில் கைவினை உதிரிகள் விற்கும் ஒருவரிடம் முதலில் மாதிரிக்காக இரண்டு செட் வாங்கினேன். இரண்டும் அருமையாக இருந்தன. கிண்ணத்தின் அடிப்பக்கத்தில் லேத் கருவி ஓடிய மெல்லிய வட்டக் கோடுகள்கூடத் தெரிந்தன. பித்தளை உதிரித் தொழிலுக்குப் பெயர்போன ஜாம்நகரிலிருந்து நேரே வரும் சரக்கு என்றார் அவர். கிண்ணம் 210 ரூபாய், குழாய் 160, மரக்கட்டை 90 என்று செட்டுக்கு 460 ரூபாய் வீதம் நாற்பது செட்டுக்கு 18,400 ரூபாய் பேசி, முழுத் தொகையையும் முன்பணமாகவே அனுப்பினேன். முழுப் பணமும் வராமல் சரக்கை ஏற்ற முடியாது என்று அவர் சொன்ன இடத்திலேயே நான் நிதானித்திருக்க வேண்டும். எனக்கிருந்த தயக்கத்தைக் குரலிலேயே கண்டுகொண்டார் போலும், "அண்ணா, காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டுச்சுன்னா முழுப் பணத்தையும் திருப்பித் தர்றேன்" என்றார்.

சரக்கு வந்த அன்றே நாற்பது கிண்ணங்களிலும் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒன்றில்கூட ஒட்டவில்லை. மனநிறைவோடு வேலையைத் தொடங்கினேன். காந்தச் சோதனை, பித்தளை முலாம் பூசிய இரும்பை மட்டுமே காட்டிக்கொடுக்கும். துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, அதன்மேல் மெல்லிய பித்தளை முலாம் ஏற்றியிருந்தால் அதிலும் காந்தம் ஒட்டாது. இது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கிண்ணத்தைப் பித்தளை ராடிலிருந்து கடைந்தால் ராடில் பெரும்பகுதி சீவலாகவே போய்விடும், கூலியும் ஏறும். வார்ப்பில் அந்தச் செலவு எதுவும் இல்லை. குழாய்கள் மட்டும் உண்மையான பித்தளையாகவே இருந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். குழாயை வாங்கி நறுக்குவதில் போலிக்கு இடமும் குறைவு, ஆதாயமும் குறைவு.

மொத்தம் 22 கருவிகளைச் செய்து, அவற்றில் 14 விற்றும் முடித்திருந்தேன். என் வீட்டில் இருந்த ஒன்றை அம்மா ஒரு மாதமாகத் தினமும் மாலையில் ஏற்றிவந்தார். அது கறுத்துப்போயிற்று என்று ஒரு நாள் புளி போட்டுத் தேய்த்தார். பித்தளையைப் புளியில் தேய்த்தால் பளிச்சென்று மஞ்சள் திரும்பவேண்டும். இந்தக் கிண்ணத்தின் விளிம்பிலோ மஞ்சள் அழிந்து, நனைந்த சிமென்ட் நிறத்தில் ஒரு வளையம் வெளிப்பட்டது. தீ நேராகப் படும் அடிப்பக்கத்தில் முலாம் கடுகளவு கொப்புளங்களாக எழும்பியிருந்தது. நகத்தால் நெருடியபோது ஒரு கொப்புளம் உடைந்து வெங்காயச் சருகைப் போல உரிந்து வந்தது. "இது பித்தளையே இல்ல கண்ணு" என்று அம்மா சொன்னபோது அவர் குரலில் வியப்பு எதுவும் இல்லை. ஐம்பது ஆண்டுகளாகப் பித்தளை விளக்குகளைத் தேய்த்துவருபவர் அவர்.

அன்று இரவே மாதிரியாக வந்த கிண்ணத்தையும் பிறகு வந்த ஒன்றையும் எடுத்துச் சோதித்தேன். நகை எடை பார்க்கும் சிறிய மின்தராசு ஒன்று இருந்தால் இந்தச் சோதனையை யாரும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். முதலில் கிண்ணத்தை அப்படியே எடை பார்க்க வேண்டும். பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிக்கொண்டு, கிண்ணத்தை நூலில் கட்டி, அது முழுவதும் மூழ்கும்படியும் டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடியும், உள்ளே காற்றுக் குமிழ் தங்காதபடியும் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் கிராம் அளவே அந்தப் பொருளின் கன சென்டிமீட்டர் அளவு. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். மாதிரிக் கிண்ணம் 76.1 கிராம், தண்ணீரில் 9.0, அடர்த்தி ஏறத்தாழ 8.45. பித்தளைக்கு 8.4 முதல் 8.7 வரை இருக்கும், ஆகவே அது அசல். பிறகு வந்த கிண்ணம் 60.3 கிராம், தண்ணீரில் 9.05, அடர்த்தி 6.66. வார்ப்புக்குப் பயன்படும் துத்தநாகக் கலவையின் அடர்த்தியும் இதுவே.

ஒரு கிண்ணத்துக்கு 16 கிராம் வித்தியாசம் என்றால் அதைக் கையில் எடுத்தபோதே உணர்ந்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். உணர்ந்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. முதல் நாள் பெட்டியைத் தூக்கியபோதே கனம் குறைவாகத் தோன்றியது. காந்தம் ஒட்டாததைக் கண்டவுடன் அந்த எண்ணத்தைத் தள்ளிவிட்டேன். கிண்ணங்கள் தனிப் பெட்டியில் வந்திருந்தன. அதன் கூரியர் சீட்டில் அட்டைப்பெட்டியும் சேர்த்து 2.6 கிலோ என்று அச்சாகியிருந்தது. மாதிரியின் கணக்குப்படி நாற்பது கிண்ணங்களே 3 கிலோவுக்கு மேல் வந்திருக்க வேண்டும். சான்று முதல் நாளிலிருந்து என் மேசை இழுப்பறையிலேயே கிடந்திருக்கிறது. நம் ஊர்ப் பாத்திரக் கடைகளில் பித்தளையைப் பெரும்பாலும் எடை போட்டுத்தான் விற்பார்கள். அந்த வழக்கத்தை விட்டு உருப்படிக்கு விலை பேசியது நான் செய்த பெரிய பிழை.

முலாம் உரிவது அழகுக் குறை மட்டும் அன்று. பித்தளை உருக 900 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும். இந்தத் துத்தநாகக் கலவையோ 400 டிகிரிக்குக் கீழேயே உருகிவிடும். தண்ணீர் வற்றிய பிறகும் கவனிக்காமல் விடப்படும் கிண்ணம் தீயின்மேல் வெறுமையாக நிற்கக்கூடிய கருவி இது என்பதால், இரண்டுக்கும் உள்ள இந்த இடைவெளியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. விற்ற 14 கருவிகளையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

மரக்கட்டைகளும் சரியில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். நன்றாக உலர்ந்த வாகை என்று விற்கப்பட்டவற்றின் இரு முனைகளிலும் மெழுகு பூசியிருந்தது. மெழுகு பூசுவது முனை வெடிக்காமல் இருப்பதற்கான நல்ல வழக்கம்தான். ஆனால் உள்ளே இருக்கும் ஈரத்தையும் அது மறைத்துவிடும். மெழுகைச் சுரண்டிவிட்டு நிழலில் வைத்த ஒரு கட்டை, பத்து நாளில் 412 கிராமிலிருந்து 371 கிராமுக்கு இறங்கியது. ஈர மரம் உலரும்போது சுருங்கும். உள்ளே இருக்கும் பித்தளைக் குழாய் விட்டுக்கொடுக்காது. நார் ஓடும் திசையில் மரம் பிளந்துவிடும். செய்துமுடித்த கூடுகளில் ஒன்பது அப்படிப் பிளந்தன.

இனி விற்றவரின் பதில்கள். புகைப்படங்களை அனுப்பியபோது, சூட்டில் பித்தளை நிறம் மாறுவது இயல்பு என்றார். அடர்த்திக் கணக்கை அனுப்பியதும், பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்றார். பில்லை எடுத்துப் பார்த்தால், அது பில்லே அன்று, எஸ்டிமேட். அதில் பித்தளை என்ற சொல்லே இல்லை, "மெட்டல் கப் 40" என்று இருந்தது. நல்ல வேளையாக, "சுத்தப் பித்தளை" என்று அவர் எழுதிய செய்திகள் என் கைபேசியில் அழியாமல் இருந்தன.

பிறகு மிரட்டலும் வந்தது. நான் செய்வது ஆவியாக்கும் கருவி என்பதால், மின்சிகரெட் தடைச் சட்டத்தின்கீழ் என்மேலேயே புகார் கொடுக்க முடியும் என்றார். ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பின்பு சட்டத்தை எடுத்துப் படித்தேன். 2019ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், உள்ளிழுப்பதற்காக ஒரு பொருளைச் சூடாக்கும் மின்னணுக் கருவிகளைப் பற்றியது. மெழுகுவத்தியில் எரிந்து, வாய்வைத்து உறிஞ்சும் குழல் எதுவும் இல்லாமல், அறையில் மணம் பரப்பும் என் கூடு அதில் வராது. நான் விற்பனைக்காக வாங்கியதால் நுகர்வோரே ஆகமாட்டேன் என்பது அவருடைய அடுத்த வாதம். அதற்கும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விடை இருக்கிறது: சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை அந்தச் சட்டம் வணிக நோக்கம் என்று கருதுவதில்லை.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்தேன். அதன்பின் 5,000 ரூபாய் தருவதாகவும், புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் அவரே அழைத்துப் பேசினார். நான் மறுத்து, மாவட்ட ஆணையத்தில் இணையவழியே மனு கொடுத்தேன். பொருளுக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாக இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. மனுவை இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்.

இப்போது எங்கள் ஊரின் கணபதி பகுதியில் உள்ள ஒரு லேத் பட்டறையில், என் கண்ணெதிரே ராடை எடை போட்டுக் கடைந்து வாங்குகிறேன். கடைவதற்கு எளிதான பித்தளையில் 2 முதல் 3.5 சதவீதம் வரை காரீயம் கலந்திருக்கும். அதனால்தான் சீவல் சுருளாக வராமல் பொடிப்பொடியாகத் தெறிக்கிறது. காரீயம் உடலுக்கு நஞ்சு என்பதால், இந்தக் கிண்ணத்தை உண்ணவும் பருகவும் பயன்படுத்த வேண்டாம் என்று ஒரு சீட்டு எழுதி ஒவ்வொரு கருவியோடும் வைக்கிறேன். வெளியிலிருந்து எது வந்தாலும், மூட்டையின் அடியிலிருந்து ஒன்றை எடுத்து விளிம்பில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்த பிறகே பாக்கிப் பணத்தைத் தருகிறேன். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால்தான் அது பித்தளை.

மீதமுள்ள 18 கிண்ணங்களையும் கூரியர் சீட்டையும் அதே பெட்டியில் வைத்து ஒட்டி, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். விசாரணை முடியும்வரை அவற்றில் புளி படக் கூடாது என்று அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன்.