கீட்டோகோனசோல் ஷாம்பு 14 மாசம் போட்டுப் பார்த்ததுல

யாங்கோன்ல (ரங்கூன்) இருக்கேன், வயசு 24. மழைக்காலத்துல டெங்கு வந்து எந்திரிச்சு ரெண்டரை மாசம் இருக்கும், திடீர்னு கொத்துக் கொத்தா முடி கொட்டுச்சு. பாத்ரூம் ஜல்லடை அடைச்சு தண்ணி நிக்கும், விரலால சுருட்டி எடுத்தா எலுமிச்சங்காய் அளவு உருண்டை வரும்.

அப்பாயிக்கு எல்லாத்துக்கும் தேங்காயெண்ணெய்தான் மருந்து, ராத்திரி ஊத்தி ஊத்தித் தேய்ச்சாங்க, ஏற்கனவே காதுக்குப் பின்னாடி மஞ்சளா பிசுபிசுன்னு இருந்த செதில் அதுக்கப்புறம் இன்னும் மோசமாச்சு. பிளாட்ஃபாரத்துல ஒருத்தர்ட்ட வாங்குன "மூலிகை டானிக்"ல காசு போனதுதான் மிச்சம்.

தோல் டாக்டர் பாத்துட்டு ரெண்டும் வேற வேறன்னாங்க. செதில் மலசீசியாங்கற ஈஸ்டால, அதாவது ஒரு வகைப் பூஞ்சையால வர்றதாம், தலையில இருக்கற எண்ணெய்ப்பசைதான் அதுக்குச் சாப்பாடு, நாங்க தினம் பந்தி போட்டிருக்கோம்! கொட்டுறது டெங்கு காய்ச்சலோட பாக்கி, ரெண்டு மூணு மாசம் தள்ளித்தான் வருமாம். ரத்தத்துல ஃபெரிட்டினும் (உடம்புல இருக்கற இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுறது) கம்மி, அதுக்கு இரும்புச்சத்து மாத்திரை.

செதிலுக்குக் குடுத்ததுதான் பூஞ்சையை அடக்கற இந்த கீட்டோகோனசோல் ஷாம்பு, 2%, வாரம் ரெண்டு தடவை, நுரையோட 5 நிமிஷம் விடணும். அந்த 5 நிமிஷத்துலதான் இங்க கரண்ட் போகும், மோட்டார் ஓடாது, கண்ணை மூடிக்கிட்டு அம்மாவைக் கூப்பிடணும். இப்பல்லாம் வாளி நிரப்பிட்டுதான் தலையில கையே வைக்கிறது.

அரிப்பு மூணு வாரத்துல போச்சு. நாலு வாரம் கழிச்சு வாரம் ஒண்ணுன்னு குறைச்சேன். நல்லாயிருச்சேன்னு நடுவுல விட்டேன், ரெண்டு மாசத்துல செதில் திரும்ப வந்துருச்சு, அதனால இது ஒரேடியா தீர்க்கற மருந்துன்னு நினைக்காதீங்க. முடியும் தேங்காநார் மாதிரி வறண்டுபோச்சு. அதுக்கு தெய்ன்ஜி பஜார்ல பையில கட்டி விக்கிற தயோ கின்புன் தண்ணி, திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டு தண்ணித் திருவிழா) சமயத்துல எல்லாரும் தலை கழுவுவாங்களே அதேதான். கின்புன்னா நம்ம சீயக்காய், தயோ மரப்பட்டை கொழகொழன்னு இருக்கறதால சிக்கு ஈஸியா விடும். நுனிக்கு மட்டும் போடுவேன், கண்ணுல பட்டா செத்தோம்.

கொட்டுறதை நிறுத்துனது இந்த ஷாம்புன்னு சொல்ல மாட்டேன். அது ஆறு மாசத்துல தானா அடங்குச்சு, மாத்திரையும் கொஞ்சம் உதவியிருக்கலாம். புது முடி மாசம் ஒரு சென்டிமீட்டர்தான் வளருது, நெத்தியில குத்திட்டு நிக்குது, சடை போட்டா அடங்கவே மாட்டேங்குது. அப்பாயி அதைப் படிய வைக்க எண்ணெய்க் கிண்ணத்தோட வர்றாங்க, நான் ஓடுறேன்.