பெண்டிகோவா, பல்லாரட்டா? கையில் ஒரே ஒரு நாள் என்றால்…

மெல்பர்னுக்கு வரும் விருந்தாளிகளுக்குத் தங்கம் எடுத்த ஊர் ஒன்றைக் காட்ட வேண்டும் என்றால், நம்மில் பலர் யோசிக்காமல் பல்லாரட்டுக்குத்தான் வண்டியைத் திருப்புகிறோம். இந்த முறை ஊரிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருந்தபோது எங்கள் வீட்டில் பெண்டிகோ என்று முடிவு செய்தோம். இரண்டு ஊரையும் பார்த்தவன் நான். அடுத்து யார் வந்தாலும் பெண்டிகோவுக்குத்தான் கூட்டிப்போவேன்.

பொதுவான விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். இரண்டு ஊரிலும் தங்க வேட்டை தொடங்கியது 1851இல். இரண்டுக்கும் மெல்பர்னிலிருந்து நேரடி ரயில் உண்டு. காரில் பல்லாரட் சுமார் 115 கிலோமீட்டர், பெண்டிகோ சுமார் 150. தங்கப் பணத்தில் எழும்பிய விக்டோரியா காலத்துக் கட்டடங்கள் இரண்டிலும் ஏராளம். பல்லாரட்டின் லிடியார்ட் தெருவையும் பெண்டிகோவின் பால் மால் தெருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதுதான் உசத்தி என்று சொல்ல என்னால் முடியாது.

பல்லாரட்டில் பெரும்பாலோர் பார்ப்பது சவரின் ஹில். பழைய சுரங்க நிலத்தின் மேல், 1850களின் ஊரை அப்படியே திரும்பக் கட்டி 1970இல் திறந்தார்கள். அந்தக் காலத்து உடையில் ஆட்கள் நடமாடுவார்கள், குதிரை வண்டி ஓடும், ஓடையில் தட்டு வைத்துத் தங்கம் அரித்துப் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல இடம் சொல்ல மாட்டேன். ஒரே டிக்கெட்டில் நாள் முழுக்கப் போய்விடும். ஆனால் அது மறுபடி கட்டிய ஊர். அங்கே யாரும் குடியிருக்கவில்லை, சாயங்காலம் கதவைச் சாத்திவிடுவார்கள்.

பல்லாரட்டிலேயே என்னை அசைத்தது வேறு ஒன்று: யூரேகா கொடி. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, சுரங்கத் தொழிலாளர்கள் மரத்தடிகளால் அரண் கட்டி நின்றார்கள். 1854 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் படை புகுந்தது. சண்டை அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை, 20 பேருக்கு மேல் செத்தார்கள். தலைமை தாங்கிய பீட்டர் லாலர் ஒரு கையை இழந்தார். மறுவருடமே சட்டமன்றத்துக்குள் போனார். ராஜதுரோக வழக்கில் நிறுத்தப்பட்ட 13 பேரும் விடுதலையானார்கள். அவர்கள் ஏற்றிய நீலக் கொடி, ஓரங்கள் கிழிந்தபடி யூரேகா மையத்தில் இருக்கிறது. அரசியல் வரலாறுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் பேச்சே வேண்டாம், பல்லாரட்டுக்குப் போங்கள். பெண்டிகோவிலும் 1853இல், அதாவது இந்த யூரேகா சண்டைக்கு முந்தைய வருடமே, கட்டணத்தைக் குறைக்கக் கேட்டு ஆயிரக்கணக்கானவர்கள் மனு எழுதினார்கள், தொப்பியில் சிவப்பு நாடா கட்டிக்கொண்டு எதிர்ப்பைக் காட்டினார்கள். ஆனால் அந்த மனு இன்று இருப்பது மெல்பர்னில், மாநில நூலகத்தில்.

பிறகு ஏன் பெண்டிகோ? எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான். பழைய பொருள் இன்றும் புழக்கத்தில் இருக்கிறதா, அதைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஆள் இருக்கிறதா என்பது.

டிராமையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊரிலும் 1970களின் தொடக்கத்தில் டிராம் சேவையை நிறுத்திவிட்டார்கள். பல்லாரட்டில் தாவரவியல் பூங்கா ஓரமாகக் கொஞ்ச தூரம் பழைய தண்டவாளத்தைக் காப்பாற்றி ஓட்டுகிறார்கள், அதுவே பாராட்டத்தக்கது. பெண்டிகோவில் நிறுத்திய அதே 1972இலேயே சுற்றுலா டிராமாகத் திரும்ப ஓடவிட்டார்கள். இன்றும் அது ஊரின் முக்கியத் தெரு வழியாகவே போகிறது. மூட்டு வலியோடு வரும் பெரியவர்களுக்கு இது பெரிய உபகாரம், ஏறி உட்கார்ந்தால் ஊரின் பாதியைப் பார்த்துவிடலாம்.

சுரங்கமும் அப்படித்தான். சென்ட்ரல் டெபோரா 1939 முதல் 1954 வரை உண்மையிலேயே தங்கம் எடுத்த சுரங்கம். 17 தளங்கள், 412 மீட்டர் ஆழம், கிட்டத்தட்ட ஒரு டன் தங்கம். தங்க வேட்டைக் காலத்தை விட இது மிகவும் பிந்தியது, அதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் பெண்டிகோவின் தங்கம் படிகப் பாறைக்குள் ஆழமாக ஓடியது. அதை எப்படிக் குடைந்து எடுத்தார்கள் என்பதை அதே சுவருக்கு நடுவில் நின்று பார்க்கலாம். நாங்கள் 61 மீட்டர் வரைதான் இறங்கினோம். இன்னும் கீழே போகிற சுற்றுகளும் உண்டு, அவற்றைப் பற்றி நான் பேசுவது சரியில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே சீனர்களின் தடம். 1855இல், இந்த இரண்டு ஊரும் இருக்கும் விக்டோரியா காலனியின் அரசு, கப்பலில் வரும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு வரி போட்டது. அதைக் கட்ட முடியாமல் பலர் பக்கத்துக் காலனியான தெற்கு ஆஸ்திரேலியாவில், ரோப் துறைமுகத்தில் இறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே இந்தத் தங்க வயல்களுக்கு வந்து சேர்ந்தார்கள். 1871இல் பெண்டிகோவில் மருத்துவமனைக்கும் ஆதரவற்றோர் இல்லத்துக்கும் நிதி திரட்ட ஈஸ்டர் விழா தொடங்கியது. சில வருடங்களிலேயே அந்தச் சீனர்களும் ஊர்வலத்தில் சேர்ந்துவிட்டார்கள். வரி போட்டுத் தடுக்கப் பார்த்த நாட்டின் மருத்துவமனைக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தவர்கள்! இதை அத்தையிடம் சொன்னபோது எனக்கே குரல் கம்மிவிட்டது.

அந்த ஊர்வலத்தின் டிராகன்களைத் தங்க டிராகன் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். லூங் என்ற பழைய டிராகன், ஆஸ்திரேலியக் காலனிகள் ஒரே நாடானதற்காக 1901இல் மெல்பர்னில் நடந்த கூட்டாட்சிக் கொண்டாட்டத்திலேயே ஆடியது. அது தளர்ந்ததும் 1970இல் சன் லூங் வந்தது, 100 மீட்டருக்கு மேல் நீளம். அதற்கும் வயதாகிவிட்டது என்று 2019இல் தாய் கம் லூங்கை இறக்கினார்கள். பழையது நைந்ததும் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு அதோடு நின்றுவிடாமல், புதிதாக ஒன்றைச் செய்து தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருகிறார்கள். நம் ஊரில் தேர் பழுதானால் புதுத் தேர் செய்து திருவிழாவை நடத்துகிற மாதிரி. இந்தப் பராமரிப்பைத்தான் நான் சொல்ல வந்தது. ஊர்வலத்தை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை, ஈஸ்டர் அல்லாத நாளில்தான் போனோம். ஆனாலும் அந்தக் கூடத்தில் நின்றால் இது செத்துப்போன சரக்கில்லை என்று புரியும்.

ஊரின் வடக்கே, கையால் அறுத்த செங்கல்லுக்குச் சிவப்பு வண்ணம் அடித்த குவான் தி என்ற சீனக் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். சின்ன இடம், அரை மணி நேரம் போதும். எல்லா நாளும் திறந்திருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம், கிளம்பும் முன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சேக்ரட் ஹார்ட் பேராலயத்தையும் பார்க்கலாம். 1890களில் தொடங்கி 1977இல்தான் முடித்தார்கள், பெரியவர்கள் சற்று உட்கார்ந்து இளைப்பாறவும் இடம்.

பெண்டிகோவில் ஒரு குறை உண்டு. சுரங்கம், டிராம், அருங்காட்சியகம் என்று செலவு தனித்தனியாகப் போகும், கணக்குப் பார்த்தால் சவரின் ஹில்லின் ஒற்றை டிக்கெட் சுலபமாகத் தெரியலாம். பத்து வயதுக்குக் கீழே இரண்டு மூன்று பிள்ளைகளோடு போகிறவர்கள் அதை யோசித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் மட்டும் என்றால், காலையில் முதல் வேலையாகச் சுரங்கத்தில் இறங்கிவிட்டு, அங்கிருந்தே டிராம் பிடித்து அருங்காட்சியகத்துக்குப் போய், அப்புறம் கோயிலுக்குப் போங்கள். அந்த வரிசையில் அலைச்சல் குறைவு.