வயிறு ஒத்துழைக்காத நாய்க்குச் சோறா, மருத்துவத் தீவனமா?

அடிக்கடி வயிற்றுப்போக்கால் அவதிப்படும் நாய்க்கு, குழைய வேகவைத்த பச்சரிசிச் சோற்றில், தோலும் எலும்பும் நீக்கி உப்பின்றி அவித்த கோழிக்கறியைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்து கொடுப்பதே நம் வீடுகளில் முதல் மருந்தாக இருக்கிறது. இரண்டு மூன்று நாள்களுக்கு அது போதும் என்பதே என் கருத்து. ஆனால் கால்சியம் மிகக் குறைந்த இந்தக் கலவையை மாதக்கணக்கில் தொடர்ந்தால், குறிப்பாகக் குட்டிகளுக்கு, எலும்பு வலுவிழக்கும். சோறு இறங்கட்டும் என்று வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பை அதன்மேல் ஊற்றுவதோ (பலர் ஊற்றுகிறார்கள்) நாயின் இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கக்கூடிய தவறு.

கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுக்கும், புரதம் நுண்ணிய கூறுகளாக உடைக்கப்பட்ட உலர்தீவனம் விலை கூடியது. தட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும் நாய்களும் உண்டு. என்றாலும், கோழிக்கறியே ஒவ்வாமைக்குக் காரணமாக இருந்தால் சோறும் கோழியும் நோயை நீட்டிக்கவே செய்யும் என்பதால், தொல்லை திரும்பத் திரும்ப வரும் நாய்க்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன். பழைய உணவில் கால் பங்கைக் குறைத்துத் தொடங்கி, 7 முதல் 10 நாள்களுக்குள் முழுமையாக மாற்றிய பின், ஒவ்வாமையைக் கண்டறிவதே நோக்கமெனில், ஏறத்தாழ 8 வாரங்களுக்கு ஒரு பிஸ்கட் துண்டைக்கூட வேறாகக் கொடுக்கக் கூடாது.