கத்தியா, காத்திருப்பா, மாத்திரையா: வான் ஹிப்பல்-லிண்டாவ் குடும்பங்களில் சிறுநீரகக் கட்டிகள்

ஏறத்தாழ 36,000 பிறப்புகளுக்கு ஒன்றில் காணப்படும் வான் ஹிப்பல்-லிண்டாவ் நோய்க்குறி, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. விழித்திரை, சிறுமூளை, தண்டுவடம், கணையம் எனப் பல இடங்களில் இது கட்டிகளைத் தோற்றுவித்தாலும், சிகிச்சையைத் தேர்வதில் குழப்பம் மிகுவது சிறுநீரகத்தில்தான். ஸ்கேனில் தெரிவன இரண்டு மூன்று கட்டிகளே ஆயினும், ஒரே சிறுநீரகத்தில் 600 வரை நுண்கட்டிகள் இருக்கக்கூடும் என்று 1995இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எனவே முழுச் சிறுநீரகத்தையும் எடுக்கும் பழைய வழி, நாளடைவில் மற்றதையும் இழக்கவைத்து டயாலிசிஸில் கொண்டுபோய் நிறுத்தும்.

இதற்கு மாற்றாக, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் மருத்துவர்கள் 3 சென்டிமீட்டர் என்ற எல்லையை வகுத்தனர்: மிகப் பெரிய கட்டி அதை எட்டும்வரை ஸ்கேனில் கண்காணித்துக் காத்திருப்பது, எட்டியதும் அறுவை செய்வது. அவர்கள் 2004இல் வெளியிட்ட தரவின்படி, கட்டி அந்த அளவுக்குள் இருந்த 108 பேரில் ஒருவருக்குக்கூடப் புற்று வேறு உறுப்புகளுக்குப் பரவவில்லை; அதைத் தாண்டிய 73 பேரில் 20 பேருக்குப் பரவியிருந்தது. காத்திருப்பவர் கைவிடப்பட்டவர் அல்லர்: மிகப் பெரிய கட்டி சென்ற முறை 2.4, இம்முறை 2.7 என்று எம்.ஆர்.ஐ. அறிக்கை சொன்னால், அறுவைக்கான நாளைப் பற்றிய பேச்சு அப்போதே தொடங்கிவிடும். அந்த ஓர் எண்ணைத் தேடி அறிக்கையைப் பிரிக்கும் மனஉளைச்சலே இவ்வழியின் உண்மையான விலை என்பேன்.

எல்லை தொட்டதும் செய்யப்படும், சிறுநீரகத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும் பகுதி நீக்கத்தில், கண்ணுக்குப் படும் கட்டிகளையெல்லாம் ஒரே அமர்வில் அகற்றி, நல்ல திசுவை இயன்றவரை காப்பாற்றுகிறார்கள். ஆனால் அதே சிறுநீரகத்தை மறுமுறை திறக்கும்போது ஒட்டுத்திசுவால் வேலை கடினமாகிறது. மேலும், அட்ரினல் சுரப்பியில் கட்டி ஒளிந்திருந்தால் மயக்கமருந்தின்போது இரத்த அழுத்தம் ஆபத்தாக எகிறும் என்பதால், முன்கூட்டியே அதைச் சோதித்தாக வேண்டும். ஊசிவழியே கட்டியை உறையவைத்து அழிக்கும் குளிர்முறை அல்லது சுட்டு அழிக்கும் வெப்பமுறை, சிறிய கட்டிகளுக்கும் அறுவையைத் தாங்க இயலாதவர்களுக்கும் பொருந்தும்.

2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெல்சூட்டிஃபான் மாத்திரை, பழுதான மரபணுவால் கட்டுப்பாடின்றிப் பெருகும் எச்.ஐ.எஃப்.-2 ஆல்ஃபா என்ற புரதத்தை முடக்குகிறது. 61 பேரிடம் நடந்த ஆய்வின் முதல் முடிவில், ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சிறுநீரகக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. இரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனும் அதே புரதத்தை நம்பியிருப்பதால், பத்தில் ஒன்பது பேருக்கு இரத்தசோகை வந்தது. கருவுக்குத் தீங்கு விளைவிக்கும் என்பதோடு ஹார்மோன் கருத்தடையின் பலனையும் இது குறைப்பதால், குழந்தை விரும்பும் இளம்பெண்ணுக்கு நான் இதை முதலில் வைக்கமாட்டேன். பல உறுப்புகளில் ஒருசேரக் கட்டி வளர்ந்து, அறுவைமேல் அறுவை கண்டவருக்கு வைப்பேன்.

இந்த 3 சென்டிமீட்டர் கணக்கை எல்லாப் பரம்பரைச் சிறுநீரகப் புற்றுக்கும் நீட்டக் கூடாது. ஃபியூமரேட் ஹைட்ரடேஸ் மரபணு பழுதான குடும்பங்களில் சின்னஞ்சிறு கட்டியும் பரவக்கூடும் என்பதால், அங்கே காத்திருக்காமல் கண்டவுடன் அகற்றிவிடுகிறார்கள்.