லோயரிங் ஸ்பிரிங் என்ற பெயரில் அறுத்த ஸ்பிரிங்: நீலகிரிக்காரர்கள் கவனத்துக்கு

"லோயரிங் ஸ்பிரிங் செட் இருக்குதுங்ணா, வீட்டுக்கே வந்து மாட்டித் தர்றோம், அரை நாள் வேலைதான்" என்று சொல்லிக்கொண்டு கீழேயிருந்து ஆட்கள் மலையேறி வருகிறார்கள். காரின் உயரத்தைக் குறைக்க மாட்டும் குட்டை ஸ்பிரிங்தான் லோயரிங் ஸ்பிரிங். குன்னூர்ப் பக்கம் ஒரு ஸ்விஃப்ட்டுக்கு அப்படி மாட்டிய செட்டைக் கழற்றிப் பார்த்தால், அது எந்தக் கம்பெனியின் லோயரிங் ஸ்பிரிங்கும் இல்லை. அதே மாடலின் ஒரிஜினல் ஸ்பிரிங்கை கிரைண்டரில் ஒரு சுற்று அறுத்து, சிவப்பு ஸ்பிரே அடித்து, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். பில் கிடையாது. பணம் கைமாறிய பிறகு போனையும் எடுப்பதில்லை.

இதில் பெரிய தந்திரம் எக்ஸ்சேஞ்ச். பழைய ஸ்பிரிங் நான்கையும் கொடுத்தால் விலையில் கொஞ்சம் குறைக்கிறேன் என்பார்கள். உங்களிடம் வாங்கிப் போகும் அந்த ஸ்பிரிங்தான் அடுத்த ஊர்க்காரருக்குச் சிவப்புப் பெயின்ட்டோடு போகிறது. உங்களுக்கோ பழையபடி மாற்றிக்கொள்ளக்கூட வழியில்லை. யார் மாட்டினாலும் சரி, ஒரிஜினல் ஸ்பிரிங் வீட்டை விட்டுப் போகக் கூடாது.

காசு கொடுக்கும் முன் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முதலில் முனையைப் பாருங்கள். லோயரிங் ஸ்பிரிங்காகவே செய்தது என்றால் கடைசிச் சுற்று, சீட்டில் (ஸ்பிரிங் உட்காரும் தட்டில்) படிந்து உட்காரும்படி வளைக்கப்பட்டிருக்கும். அறுத்ததில் சுற்று அப்படியே சாய்ந்து ஏறி, முனை கூர்மையாக, கிரைண்டர் கோட்டோடு நிற்கும். அடுத்து பெயின்ட். ஒரிஜினல் ஸ்பிரிங்கில் அடையாளத்துக்காக மஞ்சள், வெள்ளை என்று தொழிற்சாலையிலேயே கலர் தீட்டி அனுப்புவார்கள். சாவி முனையால் லேசாகச் சுரண்டினால் ஸ்பிரேக்கு அடியில் அந்தக் கலர் தெரியும். கடைசியாக வெர்னியர் வைத்துக் கம்பியின் தடிமனை அளந்து, காரில் இருக்கும் ஸ்பிரிங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தடிமனும் சுற்றின் விட்டமும் ஒன்றாக இருந்து சுற்று மட்டும் ஒன்று குறைந்தால், வேறு சாட்சி தேவையில்லை.

அறுத்தால் என்ன, அதுவும் தாழ்த்தத்தானே செய்கிறது என்பவர்களுக்கு: வேலை செய்யும் சுற்று ஐந்து இருந்த ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் கடினம் கால் பங்கு கூடும். அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரியும் அந்தக் கூடுதல் வேகத்தை அடக்க ஒரிஜினல் சாக் அப்சார்பரால் முடியாது. குழியில் இறங்கினால் வண்டி துள்ளிக்கொண்டே போகும். சிலர் கிரைண்டர் கூட எடுப்பதில்லை, கேஸ் டார்ச்சால் சூடேற்றி உட்கார வைக்கிறார்கள். அது இன்னும் மோசம். ஸ்பிரிங் எஃகின் பதம் அந்த இடத்தில் போய்விடும். நாளாக நாளாகத் தானே இறங்கும், இல்லையென்றால் முறியும்.

மலையில் இதைவிடப் பெரிய சிக்கல் நீளம். சக்கரம் தொங்கும்போதும் ஸ்பிரிங் கொஞ்சம் அழுத்தத்திலேயே இருக்க வேண்டும். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கல்லட்டி மலைப்பாதையின் 36-லோ வண்டி ஒருபக்கம் சாயும்போது உள்பக்கச் சக்கரம் கீழே தொங்கும். நீளம் போதாத ஸ்பிரிங் அப்போது சீட்டில் ஆடும், 'டக்' என்று சத்தம் வரும், திரும்ப உட்காரும்போது இடம் மாறும். ஸ்விஃப்ட்டின் பின்பக்கத்தில் ஸ்பிரிங்கும் சாக்கும் தனித்தனி என்பதால் அது கழன்று விழவும் வாய்ப்புண்டு. சோதனை எளிது: முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைத் தொங்க விட்டு ஸ்பிரிங்கைக் கையால் திருகிப் பாருங்கள். சுற்றினால் அதை ஓட்டக் கூடாது.

இறக்கத்தில் இன்னொன்று. எடை முன்பக்கம் சாய்வதால் முன் ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். தாழ்த்திய வண்டியில் ஐந்து பேரோடு இறங்கினால், வளைவில் பிரேக் பிடிக்கும்போது சாக் முழுக்க அமுங்கி பம்ப் ஸ்டாப்பில் (அதற்கு மேல் அமுங்காமல் தடுக்கும் ரப்பரில்) போய் முட்டும். முட்டிய கணம் அங்கே ஸ்பிரிங் வேலை செய்யாது. ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் முன்பக்கம் வெளியே வழுக்கும். மழையில் கேட்கவே வேண்டாம். 2018-க்குப் பிந்தைய ஸ்விஃப்ட்டில் தரையிடைவெளியே 163 மி.மீ.தான். அதில் 40 போனால், எஸ்டேட் ரோட்டில் குறுக்கே போகும் நீர்வடிகால் எல்லாம் அடியைத் தட்டும்.

அந்தக் குன்னூர் ஸ்விஃப்ட்டில் மாட்டிய விதமும் பார்க்கச் சகிக்கவில்லை. மேல் நட்டைக் கழற்ற, சுழலும் சாக் ராடை வைஸ் கிரிப்பால் கடித்துப் பிடித்திருக்கிறார்கள். குரோம் பூச்சில் பல் பதிந்தால் சீல் கிழியும், ஆயில் கசியும். அந்தக் காரில் இரண்டு முன் சாக்கும் அப்படித்தான் போயின. ராடின் தலையை ஆலன் கீயால் பிடித்து, நட்டை ஸ்பேனரால் திருப்ப வேண்டும். அதற்கு முன் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் இரண்டை எதிரெதிரே போட்டு, ஸ்பிரிங் சீட்டை விட்டு விலகும் வரை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்க வேண்டும். ஸ்பிரிங்குக்கு நேராக முகத்தை நீட்டவே கூடாது. பின்பக்கத்துக்குக் கம்ப்ரஸர் வேண்டாம். சாக்கின் கீழ்ப் போல்ட்டை எடுத்து, பின்சக்கரங்களை இணைக்கும் பீமை மெல்ல இறக்கினாலே ஸ்பிரிங் வெளியே வரும். ஆனால் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடாமல் கிளிப்பை முதலில் கழற்ற வேண்டும்.

விட்டுப்போனவையும் உண்டு. ரப்பர் சீட் பின்னால் ஒரு பக்கம் இல்லவே இல்லை. பம்ப் ஸ்டாப்பைப் பாதி அறுத்தது அளவெடுத்து அல்ல, ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் சாக்கும் சேர்ந்த முன்பக்க செட்டை) மூட முடியாத அவசரத்தில். சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கிவிட்டார்கள். சக்கரம் தரையில் நின்று எடை இறங்கிய பிறகு இறுக்கினால்தான் புஷ் முறுக்கில் நிற்காது. இல்லையென்றால் சீக்கிரம் கிழியும். உயரம் மாறினால் டோவும் கேம்பரும், அதாவது சக்கரம் நிற்கும் கோணங்கள், மாறும். அலைன்மென்ட் செய்யாமலே ஓட்டியதில் முன் டயர்களின் உள்விளிம்பு தேய்ந்து நூல் தெரிந்தது. ஹெட்லைட்டையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும், பனிமூட்டத்தில் அது முக்கியம்.

வீட்டில் செய்ய வருபவர் சொல்லாத இன்னொரு விஷயம், நம் பக்கத்தில் சமதளமான போர்ட்டிகோ கிடைப்பதே அபூர்வம். ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களில்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கியதும் அது இருந்தும் இல்லாத மாதிரி. சரிவில் இந்த வேலையை அனுமதிக்காதீர்கள்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. விபத்துக்குப் பின் இன்ஷூரன்ஸ் சர்வேயர் சக்கர வளைவுக்குள் டார்ச் அடித்தால் அறுத்த ஸ்பிரிங் உடனே கண்ணில் படும், கிளெய்ம் அங்கேயே இழுபறியாகும்.

ஏற்கெனவே மாட்டியவர்கள்: மலை இறங்குவதை நிறுத்திவிட்டு, சக்கர மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். இடம், வலம் வித்தியாசம் 10 மி.மீ.க்கு மேல் என்றால் ஒன்று ஒழுங்காக உட்காரவில்லை அல்லது ஒன்றை அதிகமாக அறுத்திருக்கிறார்கள். ஒரிஜினல் ஸ்பிரிங்கை ஜோடியாகவே வாங்குங்கள், ராடில் கீறல் இருந்தால் சாக்கையும் ஜோடியாகவே மாற்றுங்கள். கழற்றிய அறுத்த ஸ்பிரிங்கை, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டோடு எடுத்து வையுங்கள். நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவதானால் கையில் இருக்கும் பொருள் அதுதான்.